வராத வவ்வால்களைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள கண்மணிக்கு,

வேற்றின வவ்வால் இரைபிடிக்கும் குரலை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் காத்திருந்தும் வவ்வால்கள் சரியாக வரவில்லை என்று போனில் சொன்னாய். உன் குரலே இறங்கியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பதிவை வேகம் குறைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். குரல் எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுத்தானே வவ்வால் இரை தேடுகிறது; அந்தக் குரல் முதலில் டக்... டக்... என்று நிதானமாகப் போகிறது. பூச்சி தட்டுப்பட்டதும் இடைவெளி சுருங்குகிறது. கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டி 'டர்ர்ர்' என்று முடிகிறது. நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கூப்பாடு! குறி தப்பாமல் பிடிக்க அந்த வேகம் வேண்டும். ஆனால் அதே சத்தம், இங்கே தீனி இருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் தண்டோரா போட்டுவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு வேட்டையாட அதற்கு வழியில்லை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

1982-இலேயே ஆய்வாளர் பார்க்ளே, சிறு பழுப்பு வவ்வால்கள் பெரும் பழுப்பு வவ்வாலின் குரலுக்கும் செவிகொடுப்பதைக் காட்டிவிட்டார். 2017-இல் மயோடிஸ் என்ற பேரினத்து வவ்வால்களைப் பற்றி வந்த ஆய்வை மறுபடி எடுத்துப் படி. அடைத்த அறையில் நீள்விரல் வவ்வால்கள் தம் இனத்தின் குரலுக்குப் போயின. டாபென்டன் வவ்வாலின் குரலுக்கும் போயின. மற்ற இனங்களைச் சட்டைசெய்யவில்லை. அந்த இரண்டும் தண்ணீரை ஒட்டிப் பறந்து, பெரிய பின்னங்கால்களால் நீர்ப்பரப்பிலிருந்து பூச்சியை அள்ளுபவை. குரலும் ஒத்துப்போகிறது, பிழைப்பும் ஒத்துப்போகிறது. இரண்டில் எது இழுத்தது என்று அந்த ஆய்வாளர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெளியே, திறந்த இடத்தில்? அங்கே அவர்களுக்கும் கிடைத்தது லேசான எதிர்வினைதான். இத்தனைக்கும் அந்த 'டர்ர்ர்' ஒலியை இயல்பைவிட அடிக்கடி ஒலிக்கவிட்டிருந்தார்கள்! ஆக, உனக்கு நேர்ந்தது தோல்வி இல்லையம்மா. கையெட்டும் தூரத்தில் நிஜப் பூச்சியே பறக்கும்போது அடுத்தவன் குரலைத் தேடிப் போக வேண்டிய அவசியம் குறைவு என்பது என் கணிப்பு.

2004-இல் பிப்பிஸ்ட்ரெல் என்ற சிறு வவ்வால் வகையைப் பற்றி வந்த ஆய்வும் நினைவிருக்கிறதா? அவற்றில் மூன்று இனங்கள், ஒன்றின் அபயக்குரலுக்கு மற்றொன்று பறந்து வந்தன. ஆபத்துக்கு ஒரு விதம், தீனிக்கு வேறு விதம் காது கொடுக்கின்றனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. நீயும் யோசித்துப் பார்.

வராத இரவுகளின் பதிவை மட்டும் அழித்துவிடாதே. அன்று பூச்சி எவ்வளவு பறந்தது, எந்த இனத்தின் குரலைப் போட்டாய் என்று பக்கத்திலேயே குறித்துவை. அடுத்த பதிவையும் அனுப்பு, கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா