40 சதவீதம்தானா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பாஸ்கெட்பால் கோச் உன்னை ரிங்குக்குக் கீழே நிறுத்தி, "மைக்கன் ட்ரில், ஒரு நிமிஷம்" என்று விசிலடித்திருக்கிறார். ரிங்குக்கு வலமும் இடமும் மாறி மாறி நின்று பந்தைப் போடும் பயிற்சி அது. நீயும் வீட்டுக்குப் போய் யார் இந்த மைக்கன் என்று தேடியிருக்கிறாய். கிடைத்தது 1940, 50களில் ஆடிய அமெரிக்க ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கன்: ஆட்டத்துக்கு 23.1 புள்ளி, 40.4 சதவீத ஷூட்டிங், அதாவது எறிந்த நூறில் நாற்பதுதான் உள்ளே விழுந்தது. "எங்க டீம்லயே இதைவிட நல்லா போடுற பொண்ணு இருக்காண்ணா, இதுக்கா இவ்வளவு பேரு?" என்று எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் அந்த 40ஐ எடுத்துக்கொள்வோம். 1950-51 சீசனில், அவர் ஆடிய அமெரிக்க லீகான என்பிஏ முழுவதற்கும் சேர்த்த ஷூட்டிங் சராசரி சுமார் 36 சதவீதம். அணிகள் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 84 புள்ளி எடுத்தன. அந்த வருடம் மைக்கனின் சராசரி 28.4 புள்ளி, 42.8 சதவீதம். அதாவது அவருடைய அணியான மினியாபோலிஸ் லேக்கர்ஸ் எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு அவர் ஒருவர் கையிலிருந்து வந்தது. 1948-49, 49-50, 50-51 என்று தொடர்ந்து மூன்று சீசன்கள் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவர்தான். ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) 13.4 என்று பார்த்திருப்பாய். லீக் ரீபவுண்டை எண்ணத் தொடங்கியதே 1950-51லிருந்துதான், அதனால் அவருடைய முதல் மூன்று லேக்கர்ஸ் சீசன்களுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. பிளாக் ஷாட்டை (எதிராளி எறியும் பந்தைத் தடுத்துத் தட்டுவது) எண்ண ஆரம்பித்தபோது அவர் ஓய்வு பெற்று ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது.

பட்டங்களின் எண்ணிக்கையிலும் குழப்பம் வரும். சில பட்டியல்களில் 5, சிலவற்றில் 7. இரண்டுமே சரி. 1947ல் சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் அணிக்காக, என்பிஎல் என்ற பழைய லீகின் பட்டம். அடுத்த சீசனில் கியர்ஸ் முதலாளி அணியை வெளியே இழுத்துக்கொண்டு சொந்தமாக ஒரு லீக் தொடங்கினார். அது சில வாரங்களில் படுத்துவிட்டது. மைக்கன் மினியாபோலிஸுக்குப் போனார், 1948ல் அங்கே இன்னொரு என்பிஎல் பட்டம். பிறகு லேக்கர்ஸ் பிஏஏ என்ற போட்டி லீகுக்கு மாறி 1949ல் வென்றது. அந்த பிஏஏதான் அதே வருடம் என்பிஎல்லோடு சேர்ந்து என்பிஏ ஆனது. தொடர்ந்து 1950, 52, 53, 54. பழைய என்பிஎல் பட்டங்கள் இரண்டையும் என்பிஏ தன் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். புள்ளிகளும் அப்படித்தான்: என்பிஏ கணக்கில் 10,156, என்பிஎல்லையும் சேர்த்தால் 11,764. 1947 முதல் 54 வரையான எட்டு வருடங்களில் கை நழுவியது 1951 மட்டும். அந்த வருடப் ப்ளே-ஆஃபில், அதாவது பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளில், காலில் எலும்பு முறிவோடுதான் ஆடினார். ராச்செஸ்டர் ராயல்ஸ் லேக்கர்ஸை வெளியேற்றிப் பட்டத்தையும் எடுத்துப்போனது.

ஆனால் அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று காட்ட பட்டங்களை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எதிரே நின்றவர்களும் விதி எழுதியவர்களும் அவரைத் தடுக்க என்னவெல்லாம் செய்தார்கள் என்பதைப் பார்.

நீ ஆடும் கோர்ட்டில் ரிங்குக்கு முன்னால் இருக்கும் கட்டத்தின் (லேன்) அகலம் 4.9 மீட்டர். மைக்கன் வந்தபோது அது 6 அடி, இரண்டு மீட்டர்கூட இல்லை. 6 அடி லேனும் அதன் தலையில் 12 அடி வட்டமும் சேர்ந்து பூட்டின் சாவித் துவாரம் மாதிரியே இருக்கும். அந்த இடத்தை இன்றைக்கும் 'கீ' என்று சொல்வது அதனால்தான். லேனுக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதி அப்போதும் உண்டு. ஆனால் லேன் அவ்வளவு ஒடுக்கமாக இருந்ததால், கோட்டுக்கு வெளியே நின்றாலே ரிங் கைக்கெட்டும் தூரம். 6 அடி 10 அங்குல உயரம், 110 கிலோவை ஒட்டிய எடை, தடித்த மூக்குக்கண்ணாடியோடு ஒரு ஆள் அங்கே நின்று பந்தை வாங்கி, ஒரு காலைப் போட்டுத் திரும்பி, ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்து ஹூக் ஷாட் எறிந்தால் தடுக்க வழியில்லை. 1951-52 சீசனுக்கு லேனை 12 அடியாக்கினார்கள்.

அதன் விளைவு எண்களில் அப்படியே தெரியும். சராசரி 28.4லிருந்து 23.8க்கு இறங்கியது, சதவீதம் 38.5. அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற இடம் ஃபிலடெல்ஃபியாவின் பால் அரிஸினுக்குப் போனது. தூரம் கூடியதால் ஹூக் ஷாட்டின் கோணம் மாறியது, காத்து நின்றவர்களுக்கு உதவிக்கு வர அரை வினாடி கிடைத்தது. ஆனால் பட்டம் லேக்கர்ஸுக்கே. அதே சீசனில், 1952 ஜனவரி 20 அன்று, இரண்டு ஓவர்டைம் போன ஆட்டத்தில் ராச்செஸ்டருக்கு எதிராக 61 புள்ளி எடுத்தார். லேக்கர்ஸ் அணியின் மொத்தமே 91.

இதற்கு முன்பே கல்லூரி ஆட்டத்தில் ஒரு விதி வந்திருந்தது. டீபால் பல்கலைக்கழகத்தில் ஆடும்போது, எதிரணியின் பந்து ரிங்கை நோக்கி இறங்கும் நேரத்தில் எழும்பித் தட்டிவிடுவார். ஓக்லஹோமாவில் பாப் கர்லண்டும் அதையே செய்தார். 1944ல் இப்படித் தட்டிவிடுவது, அதாவது கோல்டெண்டிங், தடை செய்யப்பட்டது. இறங்கும் பந்தைத் தொட்டால் ரெஃப்ரி உன் மேல் விசிலடிப்பது இவர்கள் புண்ணியத்தில்.

மூன்றாவது சம்பவம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பு மூட்டும். 1950 நவம்பர் 22, மினியாபோலிஸ். ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது. இத்தனை வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று சொல்லும் ஷாட் கிளாக் இல்லாத காலம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். மைக்கன் கைக்குப் பந்து போகக்கூடாது என்பதுதான் மொத்தத் திட்டம். கடைசிக் குவார்ட்டரில் இரு அணியும் சேர்ந்து 4 புள்ளி. முடிவு 19-18, பிஸ்டன்ஸ் வெற்றி. லேக்கர்ஸின் 18ல் 15 மைக்கனுடையது. டிக்கெட் வாங்கி வந்த ஜனம் கூச்சல் போட்டது. இப்படிப் பந்தை அடைகாத்த ஆட்டங்கள் பெருகி, கடைசியில் 1954-55ல் 24 வினாடி கடிகாரம் வந்தது. சிராக்யூஸ் அணியின் முதலாளி டேனி பியசோன் போட்ட கணக்கு அது: 48 நிமிடம் என்றால் 2,880 வினாடி, நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்த்து எறிவது சுமார் 120 ஷாட், வகுத்தால் 24.

அவர் பக்கம் மட்டும் பேசினால் நீ நம்ப மாட்டாய். கடிகாரம் வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். 1955-56ல் திரும்பி வந்து 37 ஆட்டம் ஆடியதில் சராசரி 10.5தான். ஓடும் ஆட்டத்துக்கு அவர் கால் ஈடுகொடுக்கவில்லை. ஃபவுல் செய்வதிலும் லீகில் முதலிடம் பிடித்த சீசன்கள் உண்டு, முழங்கை அப்படி. அதைவிடப் பெரிய குறை லீகினுடையது: 1950 வரை என்பிஏவில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. 1948ல் கறுப்பினத்தவர்களின் ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் மைக்கன் இருந்த லேக்கர்ஸை 61-59 என்று தோற்கடித்ததை மறந்துவிட்டு அந்தக் காலத்தை எடை போட முடியாது.

இனி உன் ட்ரில்லுக்கு வருவோம். 1942ல் ரே மேயர் டீபாலுக்குக் கோச்சாக வந்தபோது கையில் கிடைத்தது உயரமான, தடுமாறும் பையன். ஸ்கிப்பிங், குத்துச்சண்டைப் பயிற்சி, நடன வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் அனுப்பினார். கூடவே இரண்டு கையாலும் ஹூக் ஷாட், நாள் தவறாமல். 1945ல் என்ஐடி என்ற கல்லூரிப் போட்டியில் ரோட் ஐலண்டை டீபால் 97-53 என்று வென்றது. மைக்கன் எடுத்ததும் 53.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். வலது பக்கம் சரி: இடது காலை ஊன்றி, வலது முழங்காலைத் தூக்கி, போர்டில் இருக்கும் கட்டத்தின் மேல் மூலையில் பந்தைத் தொடுகிறாய். தப்பு அதற்கப்புறம் நடக்கிறது. வலையிலிருந்து விழும் பந்தை இடுப்பு வரை இறக்குகிறாய். உன் முன்னால் எதிரணியின் குட்டையான ஒருத்தி நின்றால்கூட அங்கேயே பிடுங்கிவிடுவாள். பந்து தாடைக்குக் கீழே வரவே கூடாது, அதனால் விழும்வரை காத்திருக்காமல் கையை மேலேயே வைத்திரு. அடுத்து, இடது பக்கம் போகும்போதும் நீ இடது காலிலேயே எழும்புகிறாய். அங்கே வலது கால் ஊன்ற வேண்டும், இடது கை போட வேண்டும். கால் மாறாவிட்டால் உடம்பு ரிங்குக்கு நேர் கீழே மாட்டிக்கொள்ளும், பந்து ரிம்மின் அடியில் இடித்துத் திரும்பும். உன் நான்கு மிஸ்ஸில் மூன்று அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அரை அடி பக்கவாட்டில் கால் வைத்தால் போர்டு தானாகத் தெரியும்.

வேகத்தை இப்போதைக்கு விடு. ஒரு நிமிடத்தில் 20 விழட்டும், ஆனால் ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் ஊன்றும் கால் மாறியிருக்க வேண்டும். 30ஐத் தொட்ட பிறகு போர்டுக்கு முதுகு காட்டி நின்று செய்யும் ரிவர்ஸுக்குப் போகலாம். அடுத்த வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பு, கால் தெரியவேண்டும்.

அன்புடன்,
அண்ணன்