அம்மாவுக்குத் தியாகிப் பட்டம் வேண்டாம், அக்கா

வின்னிப்பெக், கனடா
மாசி கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்குச் சர்க்கரை குறைந்ததா? மாசி முடியப்போகிறது, இந்த ஊரில் குளிர் விட்டபாடில்லை. காலையில் மைனஸ் இருபது. எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க ராத்திரி முழுக்கக் காருக்கு வயர் மாட்டிக் கரண்டு கொடுத்து வைக்கிறோம். அம்மா வந்திருந்தபோது தெருவைப் பார்த்துவிட்டு, "மாட்டக் கட்டுற மாதிரி வீட்டுக்கு வீடு காரக் கயித்துல கட்டிப் போட்டுருக்காக" என்றாள். இப்போதும் வயரை மாட்டும்போது இவர் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவின் திதிக்கு வைக்கும் ஃப்ளெக்ஸ் மாதிரியை அனுப்பியிருந்தாய், பார்த்தேன். படம் நன்றாக இருக்கிறது. எழுத்துதான் எனக்குப் பிடிக்கவில்லை. தியாகச் சுடர், தெய்வத்தாய், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வேறு. போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் திதி முடிந்துதான் வரும்.

அம்மா நமக்காகப் பாடுபட்டாள், அதில் என்ன சந்தேகம். ஆனால் தன்னை உருக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தவளா அவள்? அப்பா போன பிறகு குத்தகைக்கு எடுத்த வெற்றிலைக் கொடிக்காலை விட்டுவிடச் சொல்லி மாமா வந்து உட்கார்ந்தபோது, அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள். அகத்திக்கு நடுவே வரிசை வரிசையாகக் கொடி நின்றதே, அதில் உனக்கு ஒரு வரிசை, எனக்கு ஒரு வரிசை என்று பிரித்து வைத்திருந்தாள். "இது பெரியவ டீச்சர் படிப்பு, இது சின்னவ பரீட்சைப் பணம்." என் வரிசையில் இலை வாடினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சாக்கை விரித்து வெற்றிலை அடுக்க உட்காருவாள். முத்தல் தனி, கொழுந்து தனி, ஓட்டை விழுந்தது தனி. நூறு சேர்ந்தால் ஒரு கவுளி. எண்ணிக்கொண்டே உன்னை வைவாள், என்னிடம் வாய்ப்பாடு கேட்பாள், பக்கத்து வீட்டுச் சண்டைக்கு நியாயம் சொல்வாள். கணக்கு மட்டும் தப்பாது. மண்டியில் ஒரு தடவை கவுளிக்கு நாலு இலை குறைகிறது என்று சொன்னார்களே, நினைவிருக்கிறதா? கட்டை அவிழ்த்து, அத்தனை பேர் நடுவில் சத்தமாக எண்ணிக் காட்டினாள். நூறு இருந்தது. திரும்பக் கட்டும் கூலியையும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

2023ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நீ பேப்பரைப் படித்துக் காட்டினாயே, அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப கவுளிக்கு எம்புட்டுக் கூடத் தருவாகளாம்?"

தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாதவள் என்று நீ எழுதியிருப்பதுதான் சுத்தப் பொய். வெற்றிலைக்கார அக்காக்களோடு பாசஞ்சர் ரயிலேறி மதுரைக்குப் போய், தங்கம் தியேட்டரில் படம் பார்த்துவிட்டு, விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவும் குடித்துவிட்டு வருவாள். நமக்கு ஒரு முழம் மல்லிகை வரும், அவ்வளவுதான். கேட்டால், "ஒழைச்ச காசு, நான் திங்கக் கூடாதா?" என்பாள். எனக்கு அந்த அம்மாவைத்தான் பிடிக்கும்.

பாப்பா பிறப்பதற்கு அவள் இங்கே வந்த கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ஐப்பசிக் கடைசி. பெட்டி நிறைய சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, பெருங்காயம், அடியில் தொட்டிலுக்கென்று பழைய சுங்குடிச் சேலைகள். விமான நிலையத்தில் அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தபோது, வயிற்றைத் தடவிக் காட்டி, கையில் குழந்தையை ஆட்டிக் காட்டி, தமிழிலேயே பேசி வெளியே வந்துவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டிப் பார்த்தாள். இங்கே மரச்சட்டம் அடித்து, மேலே மெல்லிய பலகையை ஒட்டிவிடுவார்கள். கொக்கி மாட்டினால் கூரையே கையோடு வந்துவிடும். "அட்டையில வீடு கட்டி இம்புட்டுக் கடனா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசியில் இவர், உடற்பயிற்சிக்காகக் கதவு நிலையில் மாட்டும் இரும்புக் கம்பி ஒன்றை வாங்கி வந்தார். அதில் இவர் தொங்கிப் பார்த்துத் தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் அம்மா சேலையைக் கட்டினாள்.

பிரசவம் முடிந்தால் இங்கே அரசாங்க நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பார். வந்தவர் தொட்டிலைப் பார்த்துத் திகைத்துப்போனார். குழந்தை தட்டையான மெத்தையில் மல்லாந்து தூங்க வேண்டும், துணி முகத்தை மூடினால் மூச்சு முட்டும் என்றார். நான் பயந்துகொண்டே அம்மாவுக்குச் சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "அந்தம்மா சொல்றதும் சரிதான். பகல்ல நான் பக்கத்துல உக்காந்து ஆட்டுறேன், ராத்திரி அவுக சொன்ன கட்டில்ல போடு" என்று முடித்துவிட்டாள். சொன்னபடியே உட்கார்ந்தாள். பிள்ளை கண் அயர்ந்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள்.

ஹீட்டர் காற்று தரையில் ஒரு துவாரம் வழியாக வரும். அதன்மேல் தட்டை வைத்து மோர்மிளகாய் காயப்போட்டாள். வீடு முழுக்க நெடி, இவருக்கு ஓயாத தும்மல். மிளகாய் என்னவோ நம் மொட்டைமாடியில் காய்ந்ததைவிட நன்றாகக் காய்ந்தது.

தை மாதத்தில் ஒருநாள், இரண்டு ஆறுகள் சேரும் இடத்துக்குக் கூட்டிப் போனோம். ஆறு பாறையாக உறைந்து கிடக்க, அதன்மேல் ஜனங்கள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றின்மேல் நடக்கிறோம் பார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "வைகையில நாங்க வருசம் பூரா நடக்கோம்" என்றாள்.

பங்குனிக்குப் பிறகு பனி உருகும். அந்த இரண்டில் ரெட் ஆறு வடக்கே ஓடுகிறது. தெற்கே முதலில் உருகிய தண்ணீர் வரும்போது வடக்கே இன்னும் பனிக்கட்டி அடைத்து நிற்கும், அதனால் வெள்ளம் ஏறிவிடும். 1950ல் ஊரின் பல பகுதிகள் மூழ்கின, 1997லும் பெரிய வெள்ளம். இதையெல்லாம் இவர் விளக்கினார். இருந்து பார்த்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். "அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள நான் போயிரணும்" என்று கிளம்பிவிட்டாள்.

அப்புறம் எல்லாம் போனில்தான். பாப்பா இலையுதிர் காலத்தில் எல்ம் மர இலைகளைப் பொறுக்கி அடுக்கி அவளுக்குக் காட்டுவாள். அம்மாச்சி கண்ணை இடுக்கிப் பார்த்து, "இது முத்தல், தள்ளு. இது ஓட்டை, தள்ளு" என்று மண்டிக்காரர் மாதிரி கழிப்பாள். பாப்பாவுக்குத் தமிழில் நூறுவரை சொல்ல வந்தது அப்படித்தான். போன வருடம் நான் விமானம் மாறி மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

ஆகவே அக்கா, பெயருக்குக் கீழே 'கொடிக்கால் விவசாயி' என்று போடு. பேரன் பேத்திகள் பெயர் கீழே வரட்டும். மாமா கோபித்துக்கொண்டால் நான் சொன்னேன் என்று சொல்லிவிடு.

துக்க வருடம் என்று போன சித்திரையில் நாம் யாரும் ஆற்றுக்குப் போகவில்லை. இந்த வருடம் அம்மாவின் பித்தளைச் செம்பை எடுத்துப் புளிபோட்டு விளக்கி வை. நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாய் கட்டி, சூடம் ஏற்றிப் பெரியவன் கையில் கொடு. சுடும் என்று பயப்படுவான், இலையை இரண்டாக மடித்துக் கட்டு. சர்க்கரைக்கும் நீர்மோருக்கும் அத்தான் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். மோரில் இஞ்சி கூட இருக்கட்டும், அம்மா வைக்கிற மாதிரி. அழகர் இறங்கும்போது மறக்காமல் போன் போடு. அங்கே காலை ஆறு மணி என்றால் இங்கே முந்தின நாள் சாயங்காலம் ஏழரை, பாப்பா முழித்துத்தான் இருப்பாள்.

உன் தங்கை