கெட்ட செய்தியை முதலில் கொண்டுவந்தவர்களுக்கு

சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் என்னோடு வேலை பார்த்த அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த வாரம் முதல் நான் வேறு பிரிவுக்குப் போகிறேன். பொதுவாக "எல்லோருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சொன்னதாகாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஓய்வு பெற்ற நம் பழைய மேலாளருக்கு. சார், நல்ல தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் ஒருநாளும் வகுப்பு எடுத்ததில்லை. ஆனால் அந்த லேபிள் விவகாரத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். லேபிள் ஒட்டும் தம்பி வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பாதி லோடு ஏறிய பிறகுதான், பெட்டிகளில் முந்தைய பேட்ச் எண் இருப்பதைக் கவனித்தான். பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு லேபிளைக் கசங்கப் பிடித்துக்கொண்டு உங்கள் மேஜை முன்னால் வந்து நின்றான். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "வண்டி கிளம்பிடுச்சா?" அடுத்தது, "எத்தனை பெட்டி ஏறியிருக்கு?" அப்புறம், "நல்லவேளை இப்பவே சொன்னே, வா" என்று அவனையும் கூட்டிக்கொண்டு லோடிங் இடத்துக்கு நடந்தீர்கள். "யார் ஒட்டினது?" என்ற கேள்வி வரவே இல்லை.

மறுநாள் விசாரித்தீர்கள். அதுவும் ஆளைப் பற்றி இல்லை. இரண்டு பேட்ச் லேபிள் ரோலும் எப்படி ஒரே தட்டில் கிடந்தது என்றுதான் கேட்டீர்கள். தட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்தோம். பேட்ச் முடிந்ததும் மிச்ச லேபிளை எண்ணி ஒப்படைக்கிற வழக்கம் அன்றைக்குத்தான் வந்தது. மேலிடத்திலிருந்து போன் வந்தபோது, "என் பிரிவில் நடந்தது, நான் பதில் சொல்கிறேன்" என்றீர்கள். தம்பியின் பெயர் அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை.

1979 ஆகஸ்டில் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன்னால் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலையில் அது வெற்றி பெற்றபோது, திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமைப் பேசச் சொன்னார். மேடைக்கு மேடை கேட்ட கதைதான், பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அது பெருந்தன்மையோடு நிற்கிற விஷயமாகப் படவில்லை. மேலே ஒருவர் அடியை வாங்கிக்கொண்டால்தான், கீழே இருப்பவர்கள் கோளாறு எங்கே என்று ஒளிக்காமல் தேடுவார்கள். உங்களிடம் வேலை பார்த்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

இதை வைத்து சார் இளகிய மனசுக்காரர் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துவிட வேண்டாம். தாமதமாகக் கிளம்பிய வண்டிக்கு சலானில் நேரத்தை மாற்றி எழுதிய ஒருவர் அவரிடம் பட்ட பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். தாமதத்துக்காகக் கிடைத்த திட்டு இல்லை அது. தப்பைச் சொன்னவரிடம் காட்டாத கோபத்தையெல்லாம் மறைத்தவரிடம் சேர்த்துக் காட்டினார்.

இதற்கு முன்னால் நான் இருந்த ஓர் இடத்தில் எது நடந்தாலும் முதல் கேள்வியே "யார்?" என்பதுதான். அங்கே எந்தக் கெட்ட செய்தியும் சூடு ஆறிய பிறகுதான் மேலே போகும். அதற்குள் சரக்கு வாடிக்கையாளர் கைக்கே போயிருக்கும்.

அடுத்து, இரவு ஷிப்ட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனுக்கு. நடுராத்திரியில் போன் போட்டு, "தூங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவீர்கள். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வேன் அண்ணா! ஆனால் சரக்கு அடுக்கும் ராக்கின் பீம் வளைந்த அன்று, "நான்தான் இடிச்சேன், மேலே இருக்கிற சரக்கை உடனே இறக்கணும்" என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். விடியட்டும் என்று விட்டிருந்தால், காலை ஷிப்ட்டில் அதன் கீழே ஆள் நின்றிருப்பார்கள்.

கணக்குப் பிரிவு மேடத்துக்கு இரண்டு நன்றி. ஸ்டாக் கணக்கு உதைத்தால் மாதக் கடைசி வரை வைத்திருக்காமல் அன்று மாலையே சொன்னதற்கு ஒன்று. மற்றது, "மீட்டிங்கில் நீங்க முதலில் பேசிட்டா அப்புறம் யார் சார் மாத்திப் பேசுவாங்க?" என்று மேலாளரிடமே கேட்டதற்கு. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார், சரி என்றார். அதற்குப் பிறகு எல்லா மீட்டிங்கிலும் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். கேட்டவருக்கும் துணிச்சல் வேண்டும், அதை ஏற்றுக்கொண்டவருக்கும் வேண்டும்.

பயிற்சிப் பிரிவு நண்பரை மறக்க முடியாது. மற்ற பிரிவுகளைவிட நம் தவறு பதிவேடு நீளமாக இருக்கிறது என்று ஆய்வுக் கூட்டத்தில் சிரித்தார்கள் அல்லவா? அன்று நமக்காகப் பேசியவர் அவர். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில், நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கோ நேர்மாறாக இருந்தது. தோண்டிப் பார்த்தால், அந்தக் குழுக்களில் நடந்ததை வெளியே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. 1999-இல் இதே தடத்தில் அவர் வெளியிட்ட ஆய்வு பின்னால் மிகவும் பேசப்பட்டது. நண்பர் இதைச் சொல்லி முடித்ததும், சிரித்த ஒருவரே நம் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்.

பராமரிப்புக் குழுவுக்கும் நன்றி. டொயோட்டா ஆலைகளில் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து நிற்பார், உடனே சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். பழைய சாமான்களில் தேடி எடுத்து, லோடிங் இடத்தில் ஒரு சுவிட்ச்சும் சிவப்பு விளக்கும் மாட்டிக் கொடுத்தீர்கள். விளக்கு எரிந்தால் பொறுப்பில் இருப்பவர்தான் எழுந்து ஓட வேண்டும், அழுத்தியவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். அந்த ஓட்டத்தில் எனக்கு எடையும் கொஞ்சம் குறைந்தது, அதற்கும் நன்றி.

என் இடத்துக்கு வருபவரிடம் பதிவேட்டையும் சாவிகளையும் கொடுத்துவிட்டேன். என்னிடம் சொன்னது போலவே அவரிடமும் உடனுக்குடன் சொல்லுங்கள். முதல் சில நாள் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். சிவப்பு விளக்கின் பல்பு மங்கிவிட்டது, புதிது கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும் வரை அழுத்திவிட்டுச் சத்தமாக ஒரு குரலும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டிஸ்பாட்ச் பொறுப்பாளர்