அப்பா படத்துக்கு எந்தத் தாள்?

அன்புள்ள சுந்தரம்,

நலம். அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? உன் இருமல் விட்டதா? நாலு மாதமாகக் கடிதம் போடாததற்கு நீ சேர்த்து வைத்திருக்கும் திட்டையெல்லாம் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். பாதியை உன் சார்பில் வைத்தி போனிலேயே கொடுத்துவிட்டான்.

திதிக்குச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக அப்பா படத்தை அச்சடித்து நீ அனுப்பிய இரண்டு பிரிண்ட்டும் வந்தன. அப்பா முகம் பச்சையாக இருக்கிறது. தலைமுடியில் விரலை வைத்தால் கரி ஒட்டிக்கொண்டு வருகிறது. போதாததற்குக் கீழ் மூலையில் ஒரு கறுப்பு இழுப்பு. “பிரிண்டர் போச்சு, புதுசு வாங்கப் போறேன்” என்று எழுதியிருக்கிறாய். ஒரு மண்ணும் போகவில்லை. ரெக்கார்டு நோட்டு விவகாரத்தில் செய்த அதே காரியத்தைத்தான் இப்போதும் செய்திருக்கிறாய்: மேலட்டையைப் பார்த்து வாங்கியிருக்கிறாய்.

“180 ஜிஎஸ்எம் சரியில்லை, 300 வாங்கட்டுமா?” என்று கேட்டிருந்தாய். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். தாள் எவ்வளவு கனம் என்று சொல்லும். மேலே என்ன பூசியிருக்கிறான், அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. மையை வாங்கிக்கொள்வது பூச்சு, படத்தைத் தாங்குவது அடித்தாள். கடையில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் கேட்டால் அவனும் எண்ணை மட்டும்தான் விற்பான். உன் பிரிண்டரில் 265 ஜிஎஸ்எம் போட்டோ தாள் சுகமாக ஓடும். 300-ஐத் திணித்தால் பின்தட்டில் வளைந்து போகும்போது உருளை திணறும், தாள் கோணலாக இழுக்கும்.

இந்த உறையில் மூன்று துண்டுத் தாள் வைத்திருக்கிறேன். பின்பக்கம் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதியிருக்கிறது. தொலைத்துவிடாதே.

1 நீ வாங்கிய ஜாதி. காஸ்ட் கோட்டட் என்பார்கள். சாதாரணக் காகிதத்தில் பூச்சைப் பூசி, ஈரத்தோடு கண்ணாடி மாதிரி மெருகேற்றிய உருளையில் அழுத்திக் காயவைப்பது. பளபளப்பு வந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் அடியில் இருப்பது வெறும் காகிதம். 2-க்கு ஆர்.சி. என்று பெயர், ரெசின் கோட்டட். காகிதத்தின் இரண்டு பக்கமும் பாலித்தீன் படலம், அதன் மேல் நுண்துளைப் பூச்சு. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் கழுவிக் கொடுத்த கலர் படங்களுக்கும் அடித்தாள் இதே வகைதான். அதனால்தான் கையில் எடுத்ததும் “இது போட்டோ” என்று தோன்றுகிறது.

இரண்டையும் கவிழ்த்துப் போட்டு முதுகில் ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வை. ஐந்து நிமிஷம் கழித்துப் பார். 1 தண்ணீரைக் குடித்து, அந்த இடம் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். 2-இல் சொட்டு தாமரை இலைத் தண்ணீர் போல அப்படியே நிற்கும், துடைத்தால் போய்விடும். பிறகு ஒரு மூலையைக் கிழி. 1 கல்யாணப் பத்திரிகை மாதிரி நார் நாராகக் கிழியும். 2 கொஞ்சம் இழுபட்டுத்தான் கிழியும், ஓரத்தில் மெல்லிய படலம் துருத்திக்கொண்டு தெரியும். கடையில் ஒரு மாதிரித் தாள் கேட்டு வாங்கி அங்கேயே கிழித்துப் பார். அவன் முறைத்தால் முறைக்கட்டும்.

தாள் கட்டின் மேல் போட்டிருக்கும் ஜிஎஸ்எம் உண்மையா என்று சந்தேகம் வந்தால் அம்மாவின் சமையலறைத் தராசு போதும். ஏ4 தாள் 20 எடுத்து நிறுத்தால் 180 ஜிஎஸ்எம் 225 கிராம் வரும், 270 ஜிஎஸ்எம் 337 கிராம். 270 என்று போட்டுவிட்டு 290 கிராம் காட்டினால் அது 230 தாள்.

காஸ்ட் கோட்டட் குப்பை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு ஒட்டும் படம், பிறந்தநாள் பேனர், பாஸ்போர்ட் சைஸ் அவசரம், எல்லாவற்றுக்கும் அது போதும். (4க்கு 6 தாளில் 35க்கு 45 மில்லிமீட்டர் படம் எட்டு அடங்கும், நாலு நாலாக இரண்டு வரிசை. கிட்டு மாதிரி ஆறு போட்டு மிச்சத்தை வீணாக்காதே.) ஆனால் உன் ஊர் கடற்காற்றில் அது ஒரே ராத்திரியில் சுருண்டுவிடும். மூலையில் கறுப்பு இழுப்பு வந்தது அதனால்தான். தாளின் ஓரம் மேலே வளைந்து, மையைத் தெளித்துக்கொண்டு ஓடுகிற மைத்தலை அதில் உரசியிருக்கிறது. ஆர்.சி. வாங்கினாலும் கட்டைத் திறந்து போட்டுவிடாதே. வேண்டிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அதன் உறையிலேயே ஒட்டி, ஜிப் பையில் போட்டு, படுக்கை வாட்டில் வை. தாள் வளைந்திருந்தால் எதிர்ப்பக்கமாக லேசாக வளைத்துச் சமப்படுத்திவிட்டுப் போடு. அப்படியும் உரசினால் டிரைவரில், அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் மென்பொருளில், மெயின்டனன்ஸ் பக்கத்தில், கஸ்டம் செட்டிங்ஸுக்குள் ‘பிரிவென்ட்ஸ் பேப்பர் அப்ரேஷன்’ என்று ஒன்று இருக்கும், அதை டிக் செய். மைத்தலை கொஞ்சம் உயர்ந்து ஓடும்.

இப்போது முகம் பச்சையான கதைக்கு வா. பிரிண்ட் கொடுக்கும்போது, என்ன தாள் என்று கேட்கும் ‘மீடியா டைப்’ என்ற இடத்தில் என்ன இருந்தது? ‘பிளெயின் பேப்பர்’தானே? சத்தியம் பண்ணாதே, பிரிண்ட்டே சொல்கிறது. உன் கேனான் ஜி2010-இல் மூன்று கலர் மையும் டை, அதாவது கரைந்திருக்கும் சாயம். கறுப்பு மட்டும் பிக்மென்ட், மையில் மிதக்கும் துகள். எழுத்து அச்சடிக்க அந்தக் கறுப்பு நல்லது. பளபளத் தாளின் துளைக்குள் அது இறங்காது, மேலேயே உட்கார்ந்துகொள்ளும். உன் விரலில் வந்த கரி அதுதான். போட்டோ தாள் என்று நீ சொன்னால் பிரிண்டர் அந்தக் கறுப்பைத் தொடாமல் மூன்று கலரையும் கலந்தே கறுப்பை உண்டாக்கும். நீ சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? எந்த இடத்தில் எவ்வளவு மை என்ற கணக்கும் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மாறுகிறது.

கேனான் தாளே வாங்கினால் அட்டையில் இருக்கும் பெயரைப் பட்டியலில் அப்படியே தேர்ந்தெடு. ‘போட்டோ பேப்பர் பிளஸ் க்ளாஸி 2’ என்பது 265 ஜிஎஸ்எம், உன் வேலைக்கு அதுவே போதும். வேறு கம்பெனி ஆர்.சி. தாள் என்றால் முதலில் அதே பெயரை வைத்துப் பார். நிழல் பகுதியில் மை குளம் கட்டினால் ‘க்ளாஸி போட்டோ பேப்பர்’ என்று மாற்று. தரம் ‘ஹை’. இதற்கெல்லாம் முன்னால் ஒரு நாஸில் செக், அதாவது மைத் துளை அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனை அச்சு. இளஞ்சிவப்புக் கட்டத்தில் கோடு விட்டுப் போயிருந்தாலும் முகம் பச்சையாகத்தான் வரும். அப்படியிருந்தால் ஒரு தடவை க்ளீனிங் கொடுத்து மறுபடி செக் பண்ணு. கோபத்தில் பத்துத் தடவை கொடுக்காதே. அந்த மையெல்லாம் உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகும், அது நிரம்பினால் பிரிண்டர் படுத்துவிடும்.

தாளைப் பின்தட்டில் ஒவ்வொன்றாகவே போடு, பூச்சுப் பக்கம் உன்னைப் பார்த்து. எது பூச்சுப் பக்கம் என்று தெரியாவிட்டால் விரலை லேசாக நனைத்து ஓரத்தில் தொடு, ஒட்டுகிற பக்கம்தான் பூச்சு. இன்னொன்று, இந்தத் தாளை உன் ஆபீஸ் லேசர் பிரிண்டரில் மட்டும் விட்டுவிடாதே. உள்ளே இருக்கும் சூட்டில் பாலித்தீன் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். உன் மேனேஜரை எனக்குத் தெரியும்.

பழைய படத்தை போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே அச்சடித்திருக்கிறாய். அதில் படம் சுருங்கிவிடும், அடுத்த தடவை செய்யாதே. உன் பிரிண்டரிலேயே ஸ்கேனர் இருக்கிறதே! கண்ணாடியைத் துடைத்துவிட்டு 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய். மூலப்படம் 3.5க்கு 5 அங்குலம் என்றால் நீள வாட்டில் 3000 புள்ளி கிடைக்கும். ஏ4-க்குப் பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 250-க்கு மேல் நிற்கும், தெளிவாக இருக்கும். நீள அகல விகிதமும் ஏ4-ஓடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும், எதையும் வெட்ட வேண்டாம். சொந்தக்காரர்களுக்கு 4க்கு 6 போடும்போதுதான் அகல வாட்டில் இரண்டு ஓரமும் கொஞ்சம் போகும். பார்டர்லெஸ், அதாவது வெள்ளை ஓரம் விடாமல் அச்சடிக்க வைத்தால் சுற்றிலும் இன்னும் சில மில்லிமீட்டர் போகும், தலைக்கு மேல் இடம் விட்டு வை. ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதே சுந்தரம். பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய். பிரிண்ட் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், அந்தப் படம் ஒன்றுதான் இருக்கிறது.

முதலில் ஒரே ஒரு 4க்கு 6 போட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார். திரையில் பார்த்ததைவிட இருட்டாகத்தான் இருக்கும், திரை மாதிரி தாளுக்குப் பின்னாலிருந்து விளக்கு அடிப்பதில்லையே. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு ஏ4-க்குப் போ.

வந்ததும் கையில் தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும். நம்பாதே. மையில் இருக்கும் கிளைக்கால் என்ற திரவம் மெதுவாகத்தான் வெளியேறும். ஆர்.சி. தாளில் அடிப்பக்கம் பிளாஸ்டிக் என்பதால் அது முன்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். அன்றைக்கே சட்டம் போட்டால் இரண்டு வாரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்கும். படத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு ராத்திரி விடு, காலையில் தாளை மாற்றி இன்னொரு நாள் விடு. சட்டம் போடும்போது படமும் கண்ணாடியும் ஒட்டவே கூடாது. நடுவில் மவுன்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் ஓர அட்டை, வைக்கச் சொல். ஒட்டியிருந்தால் ஈரக்காற்றில் பளபளப் பூச்சு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் முகத்தோடு வரும்.

திறந்து வைத்தாலும் ஆபத்துதான். இந்த நுண்துளைத் தாளில் சாய மை காற்றிலிருக்கும் ஓசோன் பட்டு வெளுக்கும், ஃபேன் காற்று நேராக அடித்தால் இன்னும் சீக்கிரம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் தாங்கும். வாசலைப் பார்த்த சுவரில் வெயில் படும், உள் சுவரில் மாட்டு. மாலை போடும்போது பூவில் தண்ணீர் தெளித்துப் போடாதே. ஈரம் சட்டத்தின் மேல் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். சந்தனம், குங்குமம் எல்லாம் கண்ணாடி மேலோடு சரி.

3-ஐப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது செமி க்ளாஸ், அதே ஆர்.சி.தான், மேற்பரப்பு பொடிப்பொடியாக இருக்கும். கூடத்து ட்யூப்லைட் முகத்தில் அடிக்காது, கைரேகை தெரியாது. சுவருக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் பளபளப்பில் கறுப்பு ஆழமாக வரும். அப்பாவின் அந்தக் கறுப்பு மூக்குக்கண்ணாடிச் சட்டமும் சட்டைப் பையில் பேனாவும் அதில்தான் எடுப்பாக இருக்கும். இரண்டிலும் ஒவ்வொன்று போட்டு அம்மா கையில் கொடு. எந்தப் படம் என்பதையும் அவரிடமே கேள். நீ எடுத்திருப்பது ரிட்டயர்மென்ட் அன்றைய படம். அன்றைக்கு அப்பா சிரிக்கவே இல்லை, நீயும் பார்த்தாய்தானே.

திதி அடுத்த மாதம் 12 என்று எழுதியிருக்கிறாய். 7-ஆம் தேதிக்குள் பிரிண்ட் போட்டால் காய இரண்டு நாள், சட்டத்துக்கு இரண்டு நாள், சரியாக இருக்கும். சட்டம் கோபியிடம்தான் கொடுப்பாய். அளவை அங்குலத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடு. வாயால் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

நான் 11-ஆம் தேதி இரவு வண்டியில் வருகிறேன்.

உன்,
ராமு