பூஞ்சை தின்னும், ஆனால் எந்தக் கழிவை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காகித ஆலைக் கழிவைப் பூஞ்சை தின்று தீர்த்துவிடும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆலை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், கழிவு என்று ஒரே சொல்லில் கடந்துபோனது உறுத்தியது.

நம் கடலூர்ப் பக்கத்துச் சவுக்கு காகித ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. அதைக் காரத்தில் வேகவைத்தால் நார் தனியே பிரியும். நாரை ஒட்டிப் பிடித்திருந்த லிக்னின் கரைந்து கருநீராக வடியும். 'பிளாக் லிக்கர்' என்போம். அதன் பி.எச். (7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 12-ஐத் தாண்டும். கட்டுரை புகழும், மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் வெண்ணழுகல் பூஞ்சைகளோ 4 முதல் 6 வரையிலான புளிப்பில்தான் நன்றாக வளரும். அமிலம் விட்டு இறக்கலாமே என்றால் சிக்கலே அங்குதான். ஆய்வகக் குவளையில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது நுரை பொங்கும், பி.எச். குறையக் குறைய, பால் திரிவதுபோல லிக்னின் பழுப்புத் திப்பியாகத் திரண்டு அடியில் தங்கிவிடும். சல்பைடு சேர்த்து வேகவைத்த கருநீராக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வேறு. (வீட்டில் யாரும் முயல வேண்டாம், அந்த வாயு நஞ்சு.)

தவிர, லிக்னினை மட்டும் கொடுத்தால் இந்தப் பூஞ்சைகள் வளராது. கூடவே சர்க்கரையோ வைக்கோலோ வேண்டும். அந்தச் செலவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. லிக்னினை உடைக்கும் பெராக்சிடேஸ் நொதியை 1983-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் பெரிய ஆலைகள் கருநீரைச் சுண்டக் காய்ச்சிக் கொதிகலனில்தான் எரிக்கின்றன. நீராவி கிடைக்கிறது, காரமும் திரும்பக் கிடைக்கிறது. அங்கே பூஞ்சைக்கு வேலையில்லை.

வேலை இருப்பது வெளுப்புப் பிரிவில். அங்கிருந்து வரும் பழுப்பு நீரைப் பாக்டீரியாத் தொட்டியில் எவ்வளவு நேரம் சுழற்றினாலும் நிறம் அவ்வளவாகப் போவதில்லை. அந்த நிறத்தை வெளுக்கும் திறன் வெண்ணழுகல் பூஞ்சைக்கு உண்டு. திடக்கழிவிலும் அப்படியே. தென்னைநார்க் கழிவில் லிக்னின் மிகுதி. ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் கறுத்து உரமாகிவிடும். வேளாண் பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாகச் சொல்லித்தரும் முறைதான் இது.

கட்டுரையைப் படித்த பக்கத்து வீட்டுக்காரர், இந்தப் பூஞ்சையையே சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் உப்பனாற்றிலும் கொட்டலாமா என்று கேட்டார். சிப்காட் பகுதியில் இருப்பவை பெரும்பாலும் ரசாயன ஆலைகள். அந்தக் கழிவின் சேர்மானமே வேறு என்று விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. அடுத்த முறை இப்படி எழுதுபவரிடம் மூன்று விவரங்களையாவது கேட்டு வெளியிடுங்கள்: எந்தப் பிரிவின் நீர், எத்தனை நாள் தேக்க வேண்டும், சர்க்கரைக்கு யார் பணம் கொடுப்பது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் இருக்கிறது. விளக்கம் கேட்கத் தங்கள் நிருபர் தொலைவு போக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காகித ஆலை வேதியியலாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.