புற்றுநோய் சிகிச்சைக் குழுக் கூட்டங்களில் செவிலியரும் பேசட்டும்: ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டார மருத்துவமனைகளில் புற்றுநோய் சிகிச்சைக் குழுக் கூட்டங்களை நடத்தும் மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் சிகிச்சைக் குழுக் கூட்டங்களில் செவிலியரையும் பேசவைக்கும்படி கேட்டு இரண்டு மாதங்களுக்கு முன் நான் நேரில் கொடுத்த மனுவுக்குச் சென்ற வாரம் வாய்மொழியாகப் பதில் கிடைத்தது. ட்யூமர் போர்டு எனப்படும் அந்தச் சிகிச்சைக் குழுக் கூட்டம் ஸ்கேனையும் பயாப்சி எனும் திசுப் பரிசோதனை முடிவையும் வைத்து மருத்துவர்கள் ஆலோசிக்கும் இடம், செவிலியருக்கு அங்கே வேலை இல்லை, தவிரவும் வார்டில் ஆள் பற்றாக்குறை என்பதே அந்தப் பதிலின் சாரம். சொன்னவர் கடுமையாகப் பேசவில்லை, உட்காரவைத்து மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் 'வேலை இல்லை' என்ற அந்தச் சொல் வீடு வந்து சேரும்வரை என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால், இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையும் மருத்துவர்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. அங்கே என் அம்மாவின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு.

அம்மாவுக்கு 54 வயது. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில், கல்யாணமாகி வந்த நாள் முதலாக முந்திரிக்கொட்டை உடைப்பதும் பருப்பின் தோல் உரிப்பதும்தான் அவருடைய தொழில். கொட்டையின் பால் பட்டுப் பட்டு உள்ளங்கை கறுத்து, விரல் ஓரங்கள் வெடித்துப் போனவர். மார்பகத்தில் புற்றுநோய் என்று உறுதியானதும் அறுவைக்கு முன்பே கீமோ கொடுப்பதென்று உங்கள் கூட்டத்தில் முடிவானது. முதல் கட்ட மருந்துகள் முடிந்த பிறகு பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து, வாரத்துக்கு ஒன்று வீதம் 12 முறை. அந்த மருந்து நரம்பு நுனிகளைத் தாக்கும், ஏற ஏறப் பாதிப்பு கூடும், வராமல் தடுக்க நிச்சயமான மருந்து எதுவும் இல்லை, ஆரம்பத்திலேயே கண்டு அளவைக் குறைப்பதோ இடைவெளி விடுவதோ மருந்தை மாற்றுவதோதான் வழி என்பதெல்லாம் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியவை அல்ல.

நான்காவது வாரம் ஊசி போடுவதற்காக ரவிக்கை ஊக்கைக் கழற்றச் சொன்னபோது அம்மாவால் முடியவில்லை. டே கேர் வார்டில் இருந்த சிஸ்டர்தான் கழற்றிவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். "பருப்பு கையில நிக்க மாட்டேங்குது சிஸ்டர். தோல உரிச்சா ரெண்டா ஒடஞ்சிடுது. முழுப் பருப்புக்குத்தான காசு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். கீமோ ஏறிய நாளுக்கு மறுநாள் ஓய்வெடுத்துவிட்டு, அதற்கடுத்த நாளே அவர் பருப்பு உரிக்க உட்கார்ந்துவிடுகிறார் என்ற விவரம் எங்கள் வீட்டுக்கு வெளியே அன்றுதான் ஒருவருக்குத் தெரிந்தது. அந்த சிஸ்டர் அதைக் காதில் வாங்கியதோடு நிறுத்திவிடவில்லை. பின்னாளில் காப்பீட்டுக்காகக் கேஸ் ஷீட்டை நகலெடுத்தபோது அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, ஊக்கு மாட்ட முடியவில்லை, நோயாளி முந்திரித் தொழிலாளி, மருத்துவர் கவனத்துக்கு என்று ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்தில் எழுதியிருந்தார்.

ஆறாவது ஊசிக்குப் பிறகு அம்மாவின் கேஸ் மறுபடியும் கூட்டத்துக்குப் போனது. கட்டி எத்தனை சென்டிமீட்டர் சுருங்கியிருக்கிறது, அக்குள் நெறிக்கட்டிகள் எப்படி இருக்கின்றன, ரத்த அணுக்கள் எவ்வளவு என்பதெல்லாம் அந்த நாளின் குறிப்பில் ஒழுங்காக இருக்கின்றன. விரல்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 'மீதி ஆறையும் தொடரலாம்' என்று முடிவெழுதி எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். சிஸ்டர் எழுதிய பக்கம் அதே கோப்பில், சில தாள்களுக்குப் பின்னால் இருந்தது.

ஒன்பதாவது ஊசி முடிந்த வாரம், அடுப்பிலிருந்த சோற்றுப்பானையை அம்மா துணியில்லாமல் இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். சூடு தெரியவில்லை. விரல்களில் கொப்புளம் கிளம்பியதைப் பார்த்துக் கத்தியது நான். பத்தாவது ஊசிக்குப் போனபோது மருத்துவர் அந்தக் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்னாடியே தெரிந்திருந்தால் டோஸைக் குறைத்திருப்போமே என்றார். அவருடைய வருத்தம் உண்மையானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஐயா, தெரிந்துதான் இருந்தது. உங்கள் மருத்துவமனையில் ஒருவருக்கு ஆறு வாரமாகத் தெரிந்திருந்தது. அவரைக் கேட்பவர்தான் இல்லை.

அம்மா ஏன் மருத்துவரிடமே சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நம் ஊர்ப் பெண்கள் "நல்லா இருக்கேன் சார்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்கிறார்கள்? குடும்பத்தாரைக் கேட்டால் போதும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தையே சொல்கிறேன். புற்றுநோய் என்று அம்மாவிடம் சொல்லக்கூடாது, கட்டி என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அண்ணன் முடிவுசெய்தார், நானும் தலையாட்டினேன். அம்மாவோ முதல் வாரத்திலேயே சிஸ்டரிடம், "இது அந்த வியாதிதான?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்களுக்காகத் தெரியாததுபோல் இருந்திருக்கிறார். "மாரு போனா போவட்டும், கை இருந்தா பொழச்சுக்குவேன்" என்று அவர் சொன்னதும் அந்த சிஸ்டரிடம்தான். பெற்ற பிள்ளைகளான எங்களுக்கே அவர் வழியாகத்தான் அது தெரியவந்தது. எந்தச் சிகிச்சையில் எதை இழக்கத் தயார் என்று ஒரு நோயாளி இவ்வளவு தெளிவாகச் சொன்ன சொல், சிகிச்சையை முடிவுசெய்யும் அறைக்குள் வரவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

நான் கேட்பது புதுமையும் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புற்றுநோய் சேவையைச் சீரமைக்கச் சொன்ன கால்மன்-ஹைன் அறிக்கை 1995இல் வந்தது. அதைத் தொடர்ந்து, பல துறையினர் கூடி முடிவெடுக்கும் குழு அங்கே நடைமுறையானது. அந்தக் குழுவில் புற்றுநோய்ச் சிறப்புச் செவிலியர் இன்று நிரந்தர உறுப்பினர். அப்படியிருந்தும், அங்கே நடந்த கூட்டங்களைக் கவனித்து ஆராய்ந்தவர்கள், பேச்சு பெரும்பாலும் ஸ்கேனையும் பயாப்சி முடிவையும் சுற்றியே போகிறது, நோயாளியின் விருப்பமும் வாழ்க்கை நிலையும் குறைவாகவே பேசப்படுகின்றன, செவிலியர் வாய் திறப்பது அரிது என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே உள்ளே அழைத்து ஓரமாக உட்காரவைப்பதும் போதாது. நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியரை, முடிவு எழுதப்படுவதற்கு முன் பேசச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைக் குறிப்பில் பதிய வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்கிறீர்கள். அதை மறுக்க நான் யார்? ஒரே சிஸ்டர் பல கட்டில்களுக்கு ஓடுவதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகப் பணிநிரந்தரத்துக்குக் காத்திருக்கும் செவிலியர்கள் தமிழ்நாட்டில் தெருவில் உட்கார்ந்து போராடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். கீமோ வார்டில் நோயாளிகளின் முகம் பார்த்து நிலைமை சொல்லும் அளவுக்குத் தேர்ந்த ஒருவரை, திடீரென்று வேறொரு வார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அவரோடு அத்தனை நோயாளிகளின் கதையும் போய்விடுகிறது. எங்கள் சிஸ்டரையும் அப்படித்தான் மாற்றினார்கள். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட்டத்துக்கெல்லாம் எங்களக் கூப்பிட மாட்டாங்கம்மா. கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். தவறு செய்யாத ஒருவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மனுவைவிட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நடக்கும் கூட்டம் அது. அந்த ஒரு மணி நேரத்துக்கு டே கேர் வார்டிலிருந்து ஒரே ஒருவரை, முறைவைத்தாவது விடுவிக்க முடியாதா? வரவே முடியாத வாரங்களில், அன்று பேசவிருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் நான்கு வரி எழுதித் தரட்டும். இந்த நோயாளி என்ன தொழில் செய்கிறார், நோயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், எதற்கு அஞ்சுகிறார், எது போகக்கூடாது என்று கேட்கிறார். ஸ்கேன் படத்தைத் திரையில் போடுவதற்கு முன் அதை வாசியுங்கள். இதற்குப் புதிய கருவியோ அரசாணையோ தேவையில்லை, உங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை போதும்.

அம்மாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. ஊக்கை இப்போது நான் மாட்டிவிடுகிறேன். பருப்பு உரிக்க அவரால் முடியவில்லை, உரித்த பருப்பை முறத்தில் புடைத்துக் கொடுக்கிறார். அதற்குக் கூலி குறைவு.

அடுத்த மாதம் அவருடைய பரிசோதனைக்காக வருகிறோம். சிகிச்சைக் குழுக் கூட்டத்தில் செவிலியரைப் பேசவைக்கும்படி கேட்ட என் மனுவுக்கு, அதற்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரும்படி உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகள்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.