சனிக்கிழமைப் பயிற்சி: எல்லோரும் வர வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மன நெருக்கடியில் இருக்கும் மாணவர்களை அடையாளம் கண்டு உதவுவது குறித்து, வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் பள்ளியில் அரைநாள் பயிற்சி. சத்துணவுப் பணியாளர்கள், காவலாளி, துப்புரவுப் பணியாளர்களும் அவசியம் வர வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பிள்ளை சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போவதை முதலில் கவனித்தவர் நம் சமையல் அம்மாதான். வகுப்பில் அவளைச் ‘சோம்பேறி’ என்றவன் நான்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளை தூங்கி விழுந்தால், காரணம் வேலையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கையில் உள்ள காயத்தை மறைப்பதுபோல், வேலூர் வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடிக்காதவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? பயிற்சியின் பெரும்பகுதி இதுதான். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

மாணவர் பெயரை இந்தக் குழுவில் எழுத வேண்டாம். வர இயலாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் நேரில் சொல்லவும்.